மாற்று

காலை ஏழே முக்கால். செட்டியார் தெருவில்
ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இருமி எழும்.
கடைப்படியில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்.
நானேதான் தெளிப்பேன், வேறு யாரையும் விட்டதில்லை.
பிறகு கதிரேசன் கோயில் பக்கம் திரும்பிக்
கண்ணை மூடிக்கொள்வேன்.
அது எனக்கு நன்றாக வரும்.

முப்பத்தொரு வருட அடகுக்கடை.
உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் போதும்,
இருபத்திரண்டா, பத்தொன்பதா,
மேலே பூச்சு உள்ளே செம்பா,
அமிலச் சீசாவைத் திறக்காமலே சொல்லிவிடுவேன்.
ஆட்களையும் அப்படித்தான் உரைத்தேன்.
கொடியை வைக்க வருகிறவள்
மீட்பாளா, மூழ்கவிடுவாளா,
படியேறும் செருப்புச் சத்தத்திலேயே தெரியும்.

ஐப்பசியில் ஒற்றைத் தோடு ஒன்று குறைந்தது.
இரண்டு கிராம் சொச்சம். சிவப்புக் கல்.
பெட்டி துடைத்தவன் பொகவந்தலாவைப் பொடியன், தயாபரன்.
அவன் கண்ணைப் பார்த்தேன். நடுங்கியது.
கள்ளனின் நடுக்கம் என்று
ஒரே கோட்டில் முடித்துவிட்டேன்.
பயந்தவனும் அப்படித்தான் நடுங்குவான்,
அதற்கு என் கல்லில் இடம் இல்லை.
அவன் சட்டைப்பையைப் புறம் இழுத்தேன்:
ஹட்டன் பஸ் டிக்கெட்,
தங்கச்சியின் பாஸ்போட் அளவுப் படம்.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அனுப்பினேன்.
அன்று மாலையும் விளக்கேற்றினேன்.
திரி நன்றாகவே எரிந்தது.

இப்போது மாசி. நேற்று
வாய்க்காலில் மண் அரிக்கிறவள் படிக்குக் கீழே வந்து நின்றாள்.
எங்கள் தெருப் பட்டறைகளின் பொடித்தங்கம்
கழுவுநீரோடு இறங்கும் இடத்தில்
விடியமுன் தகரத் தட்டோடு குந்தியிருப்பாள்.
எத்தனை வருடமாகவோ.
குசுமாவதி என்ற பெயரே நேற்றுக் கேட்டதுதான்.

"மாத்தயா, மேக்க பலன்ன."
உள்ளங்கையில் சேறு.
சேற்றுக்குள் சிவப்பு.
சுரை இல்லை, தோடு அதேதான்.
உங்கள் படிக்கு நேர் கீழே, இரண்டு கல்லுக்கு நடுவில்
என்று கையால் காட்டினாள்.
என் வேட்டி மடிப்பிலிருந்து உருண்டிருக்கும்.
பிறகு

மஞ்சள் தண்ணீர்.
ஒரு செம்பு.
நானே.

"நீ இதை வித்திருக்கலாமே" என்றேன்.
அப்போதும் உரைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.
அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்:
"அந்தப் பொடியன் அழுதது. நான் பாத்தது.
நீங்க பாக்க இல்ல."
குற்றமாகச் சொல்லவில்லை.
மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னாள்.

கோயில் மணி அடித்தது. வழக்கத்தில் இமை இறங்கப் பார்த்தது.
விடவில்லை.
கண் கூச, கூசக் கிடைத்தவை:
தங்கம் அரிக்கிறவளின் காதுத்துளையில்
தூர்ந்துபோகாமல் ஒரு ஈர்க்குத் துண்டு.
நடு தேய்ந்த என் படி.
எத்தனை காலடி அதில் தயங்கி நின்றிருக்கும்.
மேசையில் உரைகல்,
முகம் முழுக்க மற்றவர்களின் கோடுகள்.
என்னை அதில் எந்தப் பக்கத்தால் இழுப்பது?

நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்குகிறான் என்றார்கள்.
பிடித்த சம்பளத்தை உறையில் போட்டேன்,
மேலே கொஞ்சம் வைத்தேன்,
அவன் எண்ணிப் பார்ப்பானா என்று நினைத்தேன்.
நினைத்ததைக் கண்டேன்.
கண்டபிறகு
அந்த நினைப்புக்கு நிற்க இடமில்லாமல் போனது,
கொஞ்ச நேரத்துக்காவது.

லொறிக்கும் கடைக்கும் இடையில்,
வெங்காய மூட்டைக்கு அடியில் அவன் கழுத்து.
மூட்டையை இறக்கி, முகம் துடைத்து,
"என்ன முதலாளி?" என்றான்.
அவன் கண்ணில் அதே நடுக்கம்.

இந்த முறை அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
வெங்காயச் சருகு எங்கள் இருவர் காலிலும் பறந்து ஒட்டியது.
பின்னால் நாட்டாமை ஒருவன் வழி கேட்டுக் கத்தினான்.
உறை என் கையிலேயே ஈரமாகிக்கொண்டிருக்க
நான் அவனைப் பார்த்தபடி நின்றேன்.